நீச்சலும் நம் குழந்தைகளும்

நம் ஜொகூர் ஆறுகள் நிறைந்த மாநிலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெருவெள்ளம் கோத்தா திங்கியைச் சூழ்ந்ததைப் பெரியோர் மறந்திரார். எனினும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கக் காட்டும் ஆர்வத்தில் பாதியேனும் நீச்சலில் நாம் காட்டுவதில்லை.

எந்த வயதில் தொடங்கலாம்? ஓராண்டு நிறைந்த குழந்தைக்கே பயிற்சி நன்மை தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019இல் கூறியது. அதற்கும் இளைய சிசுவுக்குப் பயனுண்டு என்பதற்குச் சான்றில்லை. தாயோ தந்தையோ குழந்தையை நீரில் ஏந்தியிருக்க, ஆசிரியர் தனியே கற்பிப்பார். முதலில் நீருக்கு அஞ்சாமை. பின்பு முகத்தை நனைத்து மூச்சைக் குமிழிகளாக விடுதல். அதன்பின் மல்லாந்து மிதத்தல். கைகால் வீச்செல்லாம் அப்புறந்தான். தவறி விழுந்தால் திரும்பிக் கரையைப் பற்றுவதே, என் எண்ணத்தில், தலையாய பாடம்.

தனிப்பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. தோட்டத் தொழிலாளர் அனைவருக்கும் அது இயலாது. தமிழகக் கிணறுகளில் நம் முன்னோர் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழக்கினர். தந்தையோ மாமனோ கையெட்டும் தொலைவில் இருந்தார். குடுக்கையைவிட அந்தக் கையே காத்தது! மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை, ஓசையின்றி அடங்கிவிடும். ஆகவே, காற்றடைத்த வளையத்தை நம்பி அகலாதீர். தவழும் குழந்தைக்கு வீட்டு வாளி நீரும் ஆபத்தே.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. நான்கைந்து குடும்பங்கள் கூடி ஓர் ஆசிரியரை அமர்த்தினால் செலவு குறையும். பள்ளி விடுமுறையில் தொடங்கலாமே!