ற-வின் கால்களுக்கு நடுவே

புத்தளம் வீதியில் பாலாவிச் சந்தியால் திரும்பி வரும் கற்பிட்டி பஸ்ஸின் முன்பலகையைப் பார்த்திருப்பீர்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் வேண்டும்; பலகையோ ஒன்றுதான். இடம் போதாதபோது எழுதுபவருக்கு உயரத்தைக் குறைக்க மனம் வராது. அகலத்தை நெருக்கிவிடுவார். கொஞ்சம் சாய்த்தும் விட்டால் பஸ் விரைவதுபோல ஒரு மிடுக்கு வேறு!

நெருக்கி, சாய்த்து, கோட்டு நுனிகளில் சின்னப் பாதம் வைத்த எழுத்துகள் ஆங்கிலத் தலைப்புகளில் நிறைய வரும். அந்தப் பாதத்தின் பெயர் செரிஃப். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்துக்குப் போனால் அங்குள்ள பழைய கல்லறைக் கற்களில் அதைத் தேடிப் பாருங்கள். அச்சில் சாய்வெழுத்து அந்தக் கற்களைவிடப் பழையது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுசியஸ் என்பவர், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வு அச்சில் ஒரு முழுப் புத்தகத்தையே கையடக்கமாக வெளியிட்டார். அன்றைய அறிஞர்களின் கையெழுத்துதான் அதற்கு மாதிரி.

சரி, நெருக்கினால் கண்ணுக்கு என்ன ஆகிறது? ற-வை எடுத்துக்கொள்வோம். மூன்று கால்கள், நடுவே இரண்டு வெளிகள். கண் கால்களை மட்டும் பார்ப்பதில்லை, வெளிகளையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. 6 மீற்றர் தூரத்தில் இருக்கும் இரு கோடுகளைத் தனித்தனியாகக் காண, நல்ல கண்ணுக்கு ஏறத்தாழ 1.75 மில்லிமீற்றர் இடைவெளி தேவை. 1862இல் ஸ்னெல்லன் என்ற ஒல்லாந்துக் கண் மருத்துவர் இந்தக் கணக்கை வைத்தே கண் சோதனை அட்டையை அமைத்தார். பஸ் 30 மீற்றருக்கு அப்பால் வரும்போது வெளி 9 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ற ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். எழுத்து எவ்வளவு உயரமாக இருந்தாலும் இதற்கு உதவாது.

சாய்வில் இன்னொரு வில்லங்கம், அதுவும் நம் தமிழுக்கு. 10 சென்ரிமீற்றர் உயர எழுத்தை 12 பாகை சாய்த்தால் அதன் தலை 2 சென்ரிமீற்றர் வலப்பக்கம் நகரும். ‘கற்பிட்டி’யில் ற் மேலுள்ள புள்ளியும் கூடவே போகும். எழுத்தின் அகலமே 4 சென்ரிமீற்றர்தான் என்றால், புள்ளி பக்கத்து ‘பி’யின் வீட்டு வாசலுக்கே போய்விட்டதுபோல் இருக்கும்.

ஆனால் சஞ்சிகை அட்டையை நாம் 40 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் பிடிக்கிறோம். அங்கே 0.12 மில்லிமீற்றர் வெளிகூடத் தெரியும். ஆகவே பெரிய தலைப்புகளில் நெருக்கிச் சாய்த்த இந்த எழுத்து தாராளமாக ஜொலிக்கட்டும். பஸ் பலகைக்கு நான் இதைத் தரமாட்டேன்.

ஒரு தாளில் இரண்டு ற எழுதுங்கள்: ஒன்றில் கால்களின் தடிப்பும் வெளியும் 6 மில்லிமீற்றர், மற்றதில் 3. சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னால் நடந்துகொண்டே போங்கள். கணக்குப்படி சின்னது 10 மீற்றரளவில் குழம்ப வேண்டும். உங்கள் கண்ணுக்கு எத்தனை மீற்றரில் குழம்புகிறது?