இலவச வீ.பி.என்.: தரகர் யாரென்று தெரியுமா?

நமது வியாபாரச் சகோதரர்கள் பலரின் கையடக்கத் தொலைபேசித் திரையில், மேலே ஒரு சிறிய சாவி அடையாளம் தெரிகிறது. என்னவென்று கேட்டால், "வீ.பி.என். போட்டிருக்கிறேன், நான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது" என்கிறார்கள். அது எந்தக் கம்பனியுடையது என்று கேட்டால் பதில் இல்லை. கடனுக்கு ஒரு மூடை அரிசி கொடுக்குமுன் பத்துக் கேள்வி கேட்கும் நாம், முழுத் தொலைபேசியையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இந்தப் பழக்கம் நமக்குச் சும்மா வந்ததல்ல. 2018 மார்ச் மாதம் திகன, கண்டிப் பகுதிகளில் நம்மவர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அரசாங்கம் மார்ச் 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் போன்றவற்றைத் தடை செய்தது. பேஸ்புக் மீதான தடை 15 ஆம் திகதிதான் நீங்கியது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் மீண்டும் தடை வந்து, அம்மாத இறுதி வரை நீடித்தது. மே 13 இல் இன்னொரு தடை.

உப்புவெளியில் எனது பலசரக்குக் கடைக்கு இது சிறிய விடயமல்ல. கடற்கரை விடுதிகள் தமக்கு வேண்டிய சாமான்களை வட்ஸ்அப்பில்தான் எழுதி அனுப்புகின்றன. புறக்கோட்டை மொத்த விலையும் அதில்தான் வருகிறது. விடுதிக்காரர்களுக்கோ வெளிநாட்டு விருந்தினருடன் பேசும் வழியே அதுதான். எனவே கடைப் பையன்கள் முதல் முதலாளிமார் வரை கைக்கு அகப்பட்ட இலவச வீ.பி.என்.னை இறக்கினார்கள். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி ஆர்ப்பாட்டங்களை முன்னிட்டு மறுபடியும் தடை வந்து, அன்று பிற்பகலே நீக்கப்பட்டது. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, தானும் வீ.பி.என். பாவிப்பதாகவும் இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் பகிரங்கமாகச் சொன்னார். தடை போனது. இறக்கிய செயலி தொலைபேசியில் தங்கிவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இணையத்தில் நுழையும் ஒவ்வொரு இணைப்புக்கும் தொலைபேசிக் கம்பனி ஓர் இலக்கம் கொடுக்கிறது. அதுதான் ஐ.பி. முகவரி. நீங்கள் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அந்த இலக்கம் அங்கே பதிவாகும். எந்த நாடு, ஏறத்தாழ எந்த ஊர் என்பதையும் அதைக் கொண்டு அறியலாம். அந்த நேரத்தில் அந்த இலக்கம் யாரிடம் இருந்தது என்பது தொலைபேசிக் கம்பனிக்குத் தெரியும்.

வீ.பி.என். என்பது இடையில் நிற்கும் தரகர். உங்கள் சரக்கு மூடி முத்திரையிட்டு, உதாரணமாகச் சிங்கப்பூரிலுள்ள அவரது கணனிக்குப் போகிறது. அங்கிருந்து அவரது முகவரியில் வெளியே போகிறது. தளத்துக்குத் தெரிவது சிங்கப்பூர் முகவரி. நமது தொலைபேசிக் கம்பனிக்குத் தெரிவது நீங்கள் தரகரிடம் போனது மட்டும். ஆனால் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பது தரகருக்குத் தெரியும். முன்பு கம்பனி பார்த்ததை இப்போது தரகர் பார்க்கிறார், அவ்வளவுதான்.

கூலி வாங்காத தரகர் எதில் பிழைக்கிறார்? நடந்த மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

ஒனாவோ என்ற இலவச வீ.பி.என். கம்பனியை 2013 இல் பேஸ்புக் வாங்கியது. பாவனையாளர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று அதன் மூலம் பார்த்தது. வட்ஸ்அப் எப்படி வளர்கிறது என்பதையும் அப்படித்தான் அளந்தது. அடுத்த கடையில் எவ்வளவு கூட்டம் என்று எண்ண ஆள் வைப்பது போன்ற வேலை இது. 2018 இல் அப்பிள் தனது செயலிக் கடையிலிருந்து அதை வெளியேற்ற, மறு ஆண்டு பேஸ்புக் அதை மூடியது.

2020 ஜூலையில், யூ.எப்.ஓ. உட்பட ஹொங்கொங்குடன் தொடர்புடைய ஏழு இலவச வீ.பி.என்.களின் பதிவேடுகள் இணையத்தில் திறந்து கிடந்தன. எந்தப் பதிவும் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்தவர்கள் இவர்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பயமானது. ஹோலா என்ற சேவை, தன் இலவசப் பாவனையாளர்களின் இணைப்பைப் பணம் கொடுக்கும் வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டது 2015 இல் தெரியவந்தது. ஒரு தளத்தைத் தாக்கவும் அவ்வழி பயன்பட்டது. அதாவது, எவனோ ஒருவனின் சரக்கு உங்கள் கடை வாசலால், உங்கள் முகவரியில் வெளியே போகிறது. விசாரணை வந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு. ஒரு பதிவுக்காகவே ஆட்கள் கைதான 2019 ஐக் கண்ட நமக்கு, இதன் பாரம் விளங்கும்.

முகவரி மறைந்தாலும் ஆள் மறைவதில்லை. பேஸ்புக்கில் உங்கள் பெயரில் நுழைந்தபின் நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாதா? வட்ஸ்அப் உங்கள் இலக்கத்தில்தானே இயங்குகிறது? கூகுள் குரோமின் இரகசியச் சாளரமும் ஐ.பி. முகவரியை மறைப்பதில்லை. உங்கள் கருவியில் பார்த்த தளங்களின் பட்டியலைச் சேமிக்காமல் விடும், அவ்வளவுதான். அது பற்றிய வழக்கில், திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024 இல் கூகுள் உடன்பட்டது.

வளைகுடாவில் பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐ.பி. முகவரியை மாற்றினால் தண்டப்பணம் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை. சிறையும் உண்டு.

அப்படியானால் வீ.பி.என். வேண்டாமா? வேண்டும். பயணத்தில் பொது வைபையில் வேலை செய்பவருக்கும், தடைக் காலத்தில் வியாபாரத் தொடர்பு அறுந்தவருக்கும் அது தேவைதான். ஆனால் நான் எனது கடையில் நான்கு விதிகள் வைத்திருக்கிறேன். முதலாவது, யார் நடத்துகிறார், எந்த நாட்டில், எப்படி உழைக்கிறார் என்று தெரியாத வீ.பி.என். கடைத் தொலைபேசியில் இருக்காது. இரண்டாவது, தேவையென்றால் மாதக் கட்டணம் செலுத்தி, வெளியார் தணிக்கை செய்த சேவையை எடுப்பது. கட்டணம் மட்டுமே நம்பிக்கைக்கு அத்தாட்சி ஆகாது. மூன்றாவது, இலவச வீ.பி.என். ஓடும்போது வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை. வெளிநாட்டு முகவரியைக் கண்டு வங்கியே கணக்கை முடக்கவும் கூடும். நான்காவது, தேவை முடிந்ததும் செயலியை நீக்குவது.

வாடிக்கையாளரின் பெயர், இலக்கம், கடன் கணக்கு எல்லாம் அந்தத் தொலைபேசியில்தான் இருக்கின்றன. அவை நம்மிடமுள்ள அமானிதம். இன்றிரவு கடை மூடுமுன், உங்கள் தொலைபேசியிலும் கடைப் பையன்களின் தொலைபேசியிலும் அந்தச் சாவி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் சொந்தக்காரர் யாரென்று தேடுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் அழித்துவிடுங்கள்.