பி.காம். படிச்சு என்ன ஆகப்போற? - உறுவையாறு மாட்டுக் கொட்டகையில் ஒரு கணக்குப் பாடம்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் புதுச்சேரி கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். சென்டாக்கில் எதைப் போடலாம்? நர்சிங்கா, இன்ஜினீயரிங்கா, பி.காமா? முதல் இரண்டையும் சொன்னால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. மூன்றாவதைச் சொன்னால் மட்டும், "அதைப் படிச்சு என்ன ஆகப்போற... கடையில கணக்கு எழுதவா?" என்று ஒரு மாமாவாவது கேட்டுவிடுவார்.

வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் உறுவையாறு போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். நெல், கரும்பு, கறவை மாடு என்று வாழும் குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வருடப் படிப்பு என்பது அப்பா, அம்மாவின் மூன்று வருட உழைப்பு. தவறான படிப்பில் சேர்ந்துவிட்டால் அந்த வருடங்கள் திரும்பி வராது.

அப்படியானால் கணக்கியல், நிதியியல் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? வீட்டுக் கொட்டகையில் இருந்தே தொடங்கலாம்.

ஒரு மாடு... மூன்று கணக்கு!

உதாரணத்துக்கு, ஒரு குடும்பம் 60,000 ரூபாய்க்குக் கறவை மாடு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருந்த பணம் 20,000. சங்கத்தில் வாங்கிய கடன் 40,000. வீட்டு நோட்டில் 'மாடு வாங்கியது 60,000' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவோம்.

கணக்கியல் மாணவர் அப்படி எழுத மாட்டார். மாட்டுக் கணக்கில் 60,000 பற்று. ரொக்கக் கணக்கில் 20,000 வரவு. கடன் கணக்கில் 40,000 வரவு. இரண்டு பக்கமும் 60,000. வந்தது என்ன, அது எங்கிருந்து வந்தது என்ற இரண்டும் ஒரே பதிவில் தெரிந்துவிடும். இதுதான் இரட்டைப் பதிவு முறை.

இதை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கியவர் என்று பெயர் பெற்றவர் இத்தாலியப் பாதிரியார் லூக்கா பச்சோலி. 1494-ல் வெனிஸில் வெளிவந்த அவருடைய கணிதப் புத்தகத்தில் அது ஒரு பகுதி. அவர் கண்டுபிடித்ததில்லை, வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே செய்துவந்ததை எழுதி வைத்தார். நம் பக்கத்தில் நகரத்தார் பர்மா, மலேயா வரை கடை போட்டு வட்டித் தொழில் செய்தபோது பேரேடும் ஐந்தொகையும்தான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம். கடல் தாண்டி இருக்கும் கடை நஷ்டத்தில் ஓடுகிறதா என்பதை ஊரில் இருக்கும் முதலாளி ஐந்தொகையைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

பணம் வந்தால் வரவுதானே?

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் மாதத்திலேயே தடுமாறும் இடம் இது. வீட்டில் 'வரவு செலவு' என்றால் வரவு என்பது கைக்கு வரும் பணம். கணக்குப்பதிவியல் புத்தகத்திலோ ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் 'பற்று' எழுதச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அதுவே டெபிட். ஆனால், வங்கிக் கணக்கில் பணம் விழுந்தால் மொபைலுக்கு வரும் மெசேஜ் 'கிரெடிட்' என்கிறது. எது சரி?

மூன்றுமே சரி. பேச்சுத் தமிழ் 'வரவு' வேறு, பாடப் புத்தக 'வரவு' வேறு. வங்கி மெசேஜ் வங்கியின் ஏட்டில் இருந்து வருகிறது. நாம் போட்ட பணம் வங்கிக்குக் கடன். அதனால் அவர்கள் ஏட்டில் நம் பெயரில் வரவு. அதே பணம் நம் ஏட்டில் நமக்குச் சொத்து, அதனால் பற்று. யாருடைய நோட்டு என்று முதலில் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த ஒரு இடத்தில் பயந்து, 'நமக்கு கணக்கு வராது' என்று ஒதுங்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. சொல்தான் மாறிப்போயிருக்கிறது.

லாபம் இருக்கு... பணம் எங்கே?

மறுபடியும் மாட்டுக்கு வருவோம். ஒரு மாதத்தில் பால் ஊற்றிய வகையில் 9,000 ரூபாய் வந்தது. தவிடு, புண்ணாக்கு, வைத்தியம் 4,000. கடன் தவணை 2,000. அதில் வட்டி 400, அசல் 1,600. கையில் மிச்சம் 3,000.

அப்படியானால் லாபம் 3,000 தானா? இல்லை. அசலைத் திருப்பிக் கட்டுவது செலவு ஆகாது. கடன் குறைகிறது, அவ்வளவுதான். வட்டி மட்டுமே செலவு. இன்னொன்றும் இருக்கிறது. மாட்டுக்கு வயதாகும். ஐந்து வருடம் கழித்து 15,000 ரூபாய்க்குத்தான் விலை போகும் என்று கணித்தால், 45,000 ரூபாய் மதிப்பு 60 மாதங்களில் கரைகிறது. மாதத்துக்கு 750. இதற்குப் பெயர் தேய்மானம். 9,000-ல் இருந்து 4,000, 400, 750 மூன்றையும் கழித்தால் லாபம் 3,850.

லாபம் 3,850, கையில் 3,000. 'வியாபாரம் நல்லாத்தான் போகுது, ஆனா கையில காசு நிக்கல' என்று கடைக்காரர்கள் புலம்புவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். இதற்கு நேர்மாறாக, கையில் காசு புரள்வதை லாபம் என்று நம்பி, தேய்மானத்தை மறந்து மூழ்கிய தொழில்களும் உண்டு.

இந்தக் கணக்கில் இன்னும் ஒருவரை விட்டுவிட்டோம். விடியற்காலையில் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்குத் தூக்கிப்போகும் அம்மா. அவருக்குச் சம்பளம் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த வேலைக்கு வெளி ஆள் வைத்தால் என்ன கூலி கொடுத்திருப்போம் என்று சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது அடக்க விலைக் கணக்கியல். சேர்த்துப் பார்த்தால் 3,850 ரூபாய் லாபம் நஷ்டமாகக்கூட மாறலாம். பி.காம். படிக்கும் மகள் அந்த எண்ணைப் போட்டுக் காட்டும்போதுதான், அந்த வீடு அம்மாவின் உழைப்பை முதன்முறையாக ரூபாயில் பார்க்கும்.

மாதம் 10 சதவிகிதம்... நம்பலாமா?

கணக்கியல் நடந்ததை எழுதும். நிதியியல் நடக்கப்போவதை எடை போடும். 'மாதம் 10 சதவிகித வட்டி தருகிறோம்' என்று ஒருவர் ஊருக்குள் வருகிறார். நிதியியல் மாணவர் உடனே கூட்டு வட்டி போட்டுப் பார்ப்பார். ஒரு லட்ச ரூபாய் 12 மாதத்தில் சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம் ஆக வேண்டும். வட்டி கட்டிய பிறகும் லாபம் நிற்க வேண்டும் என்றால், அவர் செய்யும் தொழில் ஒரு வருடத்தில் மும்மடங்குக்கு மேல் பெருக வேண்டும். அப்படி என்ன தொழில் அது?

ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019-ல் வந்தது. சட்டம் இருந்தும், சேமிப்பை இழந்து நிற்கும் குடும்பங்களைப் பற்றிய செய்திகள் நிற்கவில்லை. பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க, வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எந்த 'சி.ஏ.'? உஷார்!

விண்ணப்பம் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 'பி.காம். (சி.ஏ.)' என்று கல்லூரிப் பட்டியலில் இருப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்கான சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் படிப்பு அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்து, பிறகு விழிப்பது நடக்கிறது. கணக்கியலையும் நிதியையும் மையமாக வைத்த படிப்பு வேண்டும் என்றால் பொது பி.காம். அல்லது 'அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ்' என்ற பிரிவைப் பார்க்க வேண்டும்.

ஆடிட்டர் ஆக விரும்புவோருக்கு இரண்டு வழிகள். பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ. நடத்தும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 40 சதவிகிதம், மொத்தத்தில் 50 சதவிகிதம் எடுக்க வேண்டும். இல்லையென்றால், பட்டம் முடித்துவிட்டு நேராக இன்டர்மீடியட் நிலைக்குப் போகலாம். வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவிகிதம், மற்றவர்களுக்கு 60 சதவிகிதம் மதிப்பெண் தேவை.

2023-ல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இன்டர்மீடியட்டுக்கு 6 தாள்கள், இறுதித் தேர்வுக்கு 6 தாள்கள். நடுவில் ஆடிட்டர் அலுவலகத்தில் 2 வருடப் பயிற்சி. முன்பு இது 3 வருடம். பயிற்சிக் காலத்தில் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து ஒரு குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு.

மறைக்கக் கூடாத உண்மையும் இருக்கிறது. இந்தத் தேர்வுகளில் எழுதுபவர்களில் தேறுபவர்கள் பொதுவாகப் பாதிக்கும் குறைவுதான். இரண்டு, மூன்று முறை எழுத வேண்டியிருக்கலாம். சி.ஏ-வை மட்டும் நம்பி இருப்பதைவிட, கல்லூரிப் பட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு முயற்சி செய்வது குடும்பத்துக்கு நிம்மதி. அடக்க விலைக் கணக்காளருக்கான சி.எம்.ஏ., நிறுவனச் செயலாளருக்கான சி.எஸ். ஆகியவையும் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற படிப்புகளே. மேலே படிக்க விரும்பினால் காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் வணிகவியல் துறை இருக்கிறது. முதுகலைச் சேர்க்கைக்கு 'கியூட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

சிறைக்குப் போன முதல் பெண் ஆடிட்டர்

'பொண்ணுக்கு எதுக்கு ஆடிட்டர் படிப்பு?' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் உண்டு: ஆர்.சிவபோகம். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, வேலூர் சிறையில் இருந்தார். பிறகு கணக்கியல் பட்டயம் படித்து 1933-ல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் அவர்தான்.

தேறினாலும் தொழில் செய்ய முடியவில்லை. சிறைக்குப் போனவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஆங்கில அரசின் விதி தடுத்தது. சிவபோகம் விடவில்லை. எதிர்த்து வாதாடி வென்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் ஐ.சி.ஏ.ஐ. தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைவராகவும் இருந்தார்.

வேலை எங்கே இருக்கிறது?

புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. பொருள் விற்பவர்கள் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பது தமிழ்நாட்டில் உள்ள வரம்பு. புதுச்சேரியில் அது 20 லட்சம். விழுப்புரத்தில் பதிவு தேவைப்படாத அளவு வியாபாரம் செய்யும் கடைக்கு, வில்லியனூரில் பதிவு தேவைப்படும். பதிவு செய்துவிட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளில் இருக்கும் சிறு ஆலைகளுக்கும் சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, வரி என்று தினமும் வேலை இருக்கிறது. ஆனால், பட்டம் மட்டும் போதாது. டேலி, எக்செல் இரண்டும் விரல் நுனியில் இருக்க வேண்டும். டேலியின் கதையே ஒரு குடும்பக் கதைதான். தன் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் தவித்த பெங்களூரு தொழிலதிபர் ஷியாம் சுந்தர் கோயங்கா, மகன் பரத்தை எழுதச் சொல்லி 1986-ல் தொடங்கியது அது.

மென்பொருள் கூட்டிக் கழித்துவிடும். ஆனால், பில் உண்மையா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதம் நாட்டையே உலுக்கியது. ஏட்டில் காட்டப்பட்ட 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கமும் வங்கி இருப்பும் உண்மையில் இல்லவே இல்லை. கூட்டல் சரியாக இருந்தது. கூட்டப்பட்ட எண்கள்தான் பொய்.

சேரும் முன்... நான்கு விஷயங்கள்

* புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. தமிழ் வழியில் படித்தவர்கள் கணக்கியல் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு அந்த நோட்டுதான் துணை.

* பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர்களும் பி.காம். சேரலாமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சென்டாக் கையேட்டில் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள்.

* முதல் செமஸ்டரில் இருந்தே வீட்டின் ஒரு தொழிலுக்கு ஏடு எழுதுங்கள். மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை, சுய உதவிக் குழு... எதுவானாலும் சரி. ஒரு வருடம் விடாமல் எழுதினால் நேர்முகத் தேர்வில் சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கும்.

* ஆடிட்டர் படிப்பு என்றால், எத்தனை முறை வரை முயற்சி செய்வது என்பதைப் பெற்றோரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பக்கத்துக் கொம்யூனான பாகூரில் 9-ஆம் நூற்றாண்டிலேயே ஓர் உயர்கல்விச் சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று கிராமங்களின் வருவாயை எழுதி வைத்ததைப் பாகூர் செப்பேடு சொல்கிறது. எந்த ஊரின் வருவாய் எந்தப் படிப்புக்கு என்று அன்றைக்கே ஒருவர் கணக்காக எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை அந்த மாமா, "கணக்கு எழுதவா போற?" என்று கேட்டால் தயங்காமல் "ஆமாம் மாமா" என்று சொல்லலாம். அவருடைய கடை நோட்டையும் ஒரு நாள் வாங்கிப் பார்க்கலாம்.