இரு தட்டுகளில் ஒரே பதிவு

மாணவர்களே, கணிப்பொறியின் வன்தட்டு திடீரெனப் பழுதானால் உங்கள் பள்ளியின் மதிப்பெண் பட்டியல் என்னாகும்? இதற்காகவே, எழுதுவதையெல்லாம் இரு தட்டுகளில் ஒருசேரப் பதியும் ‘மிர்ரரிங்’ முறை உள்ளது. இவ்வேலையைத் தனி மின்னணு அட்டை செய்யலாம். லினக்ஸ் போன்ற இயக்க மென்பொருளும் செய்யலாம்.

அட்டை செயலியின் சுமையைக் குறைக்கும் என்பார்கள். இரண்டு தட்டுகளுக்கு அது பெரிய சுமையே அன்று! அட்டை கெட்டால் பெரும்பாலும் அதே வகை அட்டையைத் தேடி அலைய வேண்டும். மென்பொருள் முறையிலோ, ஒரு தட்டைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணிப்பொறியில் மாட்டிப் படிக்கலாம். பள்ளிக்கு இதுவே ஏற்றது என்பேன்.

ஆனால் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், எம்முறையிலும் இரு தட்டுகளிலும் அழியும். வெள்ளம் வந்தாலும் அப்படியே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி நெல்லை நகருக்குள் புகுந்தது. ஒரே பெட்டியிலுள்ள இரு தட்டுகளும் சேர்ந்தேதானே நனையும்? ஆகவே வாரந்தோறும் மூன்றாவது நகல் எடுத்து, ஆற்றுக்கு எட்டாத மேட்டில் வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.