ஆற்றிலிருந்து தப்பி வந்தவள்

பேய்ப்படங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காத பலரை எனக்குத் தெரியும். ஷெல்லடிக்குள் பங்கரில் இருந்தவனுக்குத் திரையில் வரும் பேய் என்ன பெரிய பயமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அவர்களுக்கும் நான் சொல்லும் ஒரு படம் உண்டு. 1962இல் அமெரிக்காவில் வெளியான ‘கார்னிவல் ஒஃப் சோல்ஸ்’.

இதன் இயக்குநர் ஹெர்க் ஹார்வி, கன்சாஸ் மாநிலத்தின் லோரன்ஸ் நகரில் பாடசாலைகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ‘சோல்ட்எயார்’ களியாட்ட மண்டபத்தைப் பயணமொன்றின்போது கண்டார். அந்த இடத்துக்காகவே சக ஊழியர் ஜோன் கிளிஃபோர்டைக் கொண்டு கதை எழுதுவித்தார். செலவு சுமார் 33,000 டொலர். படப்பிடிப்பு மூன்று வாரம். வெளிறிய முகத்துடன் வரும் பேயாக நடித்தவரும் ஹார்வியே. அவர் இயக்கிய ஒரேயொரு முழுநீளக் கதைப்படம் இது.

மூன்று பெண்கள் சென்ற கார் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுகிறது. சில மணி நேரத்தின் பின் மேரி மட்டும் சேற்றோடு கரையேறுகிறாள். எப்படித் தப்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. சில நாட்களில் வேறொரு மாநிலத்தில் தேவாலய ஓர்கன் வாசிப்பவளாக வேலைக்குப் போகிறாள். அங்கேயும் அந்த வெளிறிய முகம் அவளைத் தொடர்கிறது.

என்னை உலுக்கியது அந்த முகமல்ல. பட்டப்பகலில், கடையொன்றில் திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றுபோகிறது. மேரி பேசுகிறாள், எவருக்கும் கேட்கவில்லை. முன்னால் போய் நிற்கிறாள்; எவரும் காணவில்லை. பூங்காவில் ஒரு பறவையின் குரலோடுதான் உலகம் அவளிடம் திரும்பி வருகிறது. இந்தக் காட்சிக்குப் பெரிய செலவில்லை. ஒலியை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மேரியைச் சுற்றியுள்ளவர்கள் அவளிடம் மனமில்லை, ஒட்டுதல் இல்லை என்று குறைப்படுகிறார்கள். ஆற்றுக்குள் அவளுக்கு என்ன நடந்தது என்று பொறுமையாக இருந்து கேட்பவர் அரிது. “உயிர் தப்பினதே பெரிய காரியம், இனி நடக்கிறதைப் பார்” என்ற பேச்சை எங்களில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? தப்பியவர் வேலைக்குப் போகிறார், வாடகை கட்டுகிறார், சிரிக்கிறார். ஆனால் அவரில் ஒரு பகுதி இன்னும் கரையேறவில்லை. அதைப் பேயின் கதையாக இப்படம் சொல்கிறது.

வெளியானபோது இப்படத்தைக் கவனித்தவர்கள் குறைவு. பின்னர் நள்ளிரவுத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. அவர்களின் வாய்வழிப் பேச்சே 1989இல் படத்தை மீண்டும் திரையரங்குக்குக் கொண்டுவந்தது.

முடிவை இங்கே சொல்லமாட்டேன். படம் நீரில் மூழ்கும் காட்சியுடன் தொடங்குகிறது; நீரில் உறவுகளை இழந்தவர்கள் அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். தனியே பார்க்காமல், பிறகு கதைக்க ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேரிக்குக் கிடைக்காதது அதுதான்.