மாட்டுக்கு விருந்தும் போர்வையும்



தை மாதம் பிறந்து இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கல். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் வரிசையாக மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. இன்று பல தோட்டங்களில் மாடு வளர்க்க நிர்வாகம் அனுமதிப்பதில்லை. இளையவர்களும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே மிஞ்சியிருக்கும் இரண்டொரு வீட்டு மாடுகள்மேல்தான் தோட்டத்து மக்கள் அனைவருடைய அன்பும் குவிகிறது. அப்படிக் குவிந்த அன்பினால் நேர்ந்த ஒரு கேட்டைச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த மாணவன் ஒருவன் வீட்டில் ஒரு கறவை மாடு இருந்தது. தகப்பனார் பால்மரம் வெட்டுகிறவர். தாயார் காலையில் நாலைந்து போத்தல் பால் கறந்து லயத்து வீடுகளுக்குக் கொடுப்பார். பையனின் பள்ளிச் செலவு பெரும்பாலும் அந்தப் பாலிலிருந்தே வந்தது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்தில் மாலையிட்டு, மாட்டை முற்றத்தில் கட்டினார்கள். அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து ஊட்டினார்கள். மாடும் ஆசையாய் உண்டது. மறுநாள் காலை அது எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்லிச் சுற்றிப் போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் மாடு இறந்தது. இரண்டு மாதக் கன்று ஒன்று மிஞ்சியது.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு கிண்ணம் பொங்கலினால் கெடுதல் நேர்ந்திருக்காது. ஆனால் இருபது வீட்டுக் கிண்ணங்கள் அந்த ஒரே வயிற்றுக்குள் போனதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

மாட்டின் வயிறு நம் வயிற்றைப் போன்றதன்று. நான்கு அறைகள் கொண்டது. முதலறையே மிகப் பெரியது. பெரிய மாட்டில் அது நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். அந்த அறையை ஓர் ஊறல் தொட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லை நொதிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருபவை அவையே. நாம் தின்றால் சீரணிக்காத புல்லிலிருந்து மாடு பாலும் சதையும் உண்டாக்குவது இப்படித்தான்.

புல் மெதுவாக நொதிக்கும். மாடு அதை வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோடும்போது வாளி வாளியாக உமிழ்நீர் சுரக்கும். அந்த உமிழ்நீரில் சோடா உப்பு கலந்திருக்கிறது; வயிற்றில் உண்டாகும் புளிப்பை அது தணித்துவிடும். வெந்த சோறும் வெல்லமும் அப்படிப்பட்டவையல்ல. மாடு அவற்றை மெல்லாமலே விழுங்கிவிடும், அசைபோடவும் வேண்டியிராது, உமிழ்நீரும் போதிய அளவு சுரக்காது. சில மணி நேரத்துக்குள் அந்தத் தொட்டி முழுதும் புளித்துப்போகும். நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, புளிப்பை வளர்ப்பவை பெருகும். வயிறு அசைவை நிறுத்தும். புளிப்பு இரத்தத்தில் ஏறும். தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் மிஞ்சிய சோற்றை வாளியோடு கொண்டுபோய் மாட்டுக்கு வைத்தாலும் இதே கதைதான். மாடு கட்டவிழ்த்துக்கொண்டு போய் அரிசி மூட்டையில் வாய் வைத்தாலும் இதே கதைதான்.

அப்படியானால் மாட்டுக்கு ஆசையாக ஒன்றும் கொடுக்கக்கூடாதா என்று தாய்மார்கள் கேட்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம். பொங்கல் என்றால் ஒரு கைப்பிடி. அதுவும் வீட்டுக்காரர் ஒருவர் கையால் மட்டும். மற்றவர்கள் கொண்டுவருவதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள்! வாழைப்பழத் தோல், பலாச்சுளை எடுத்த மடல், நறுக்கிய வாழைத்தண்டு ஆகியவற்றை மாடு விரும்பித் தின்னும். அவற்றுக்குக் காசும் செலவில்லை. ஆயினும் இவை வாய்க்கு ருசியே தவிர வயிற்றுக்குச் சாப்பாடு ஆகமாட்டா. முந்நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய முப்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். அந்தப் புல் வயிற்றில் இருந்தால்தான் மற்றவை தாங்கும்.

மரவள்ளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் நஞ்சு உண்டாக்கும் சத்து இருக்கிறது. கசப்பு மரவள்ளியில் இது அதிகம். தோலை அப்படியே கொட்டிவிடாமல் நன்றாக வெயிலில் காயவைத்து, சிறிதளவாகக் கொடுப்பதே நல்லது.

பணம் கொடுத்து வாங்கும் தீவனத்தில் நம் நாட்டில் மலிவானது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. கறவை மாட்டுக்கு நல்லது. ஆனால் முதல் நாளே இரண்டு கிலோ வைத்துவிடக்கூடாது. அரைக் கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் புதிய உணவுக்குப் பழக வேண்டும் அல்லவா? செம்மறி ஆடு வளர்ப்போர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை: இந்தப் புண்ணாக்கில் செம்புச் சத்து உண்டு. மாடு அதைத் தாங்கிக்கொள்ளும். செம்மறியின் ஈரலிலோ அது சேர்ந்துகொண்டே போய், பல வாரம் கழித்துத் திடீரென்று கொன்றுவிடும். ஆகவே மாட்டுக்கு நல்லதாயிற்றே என்று செம்மறிக்கு அதையே முக்கியத் தீவனமாக வைக்காதீர்கள்.

மாட்டுக்கு உண்மையான விருந்து எது என்று கேட்டால் நாம் உப்பு என்றுதான் சொல்லுவோம். புல்லில் உப்புக் குறைவு. பால் கறக்கும் மாட்டிலிருந்து உப்பு பாலோடும் வேர்வையோடும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. உப்புக் குறைந்த மாடு சுவரை நக்கும், மண்ணைத் தின்னும், மற்ற மாட்டின் மூத்திரத்தையும் குடிக்கும். நாளைக்கு ஏறக்குறைய முப்பது கிராம் சமையல் உப்புப் போதும். ஒரு முழ நீள மூங்கிலை எடுத்து, அடிக்கணு இருக்கும்படி வெட்டி, அந்தக் கணுவில் ஆணியால் சிறு துளையிட்டு, உள்ளே உப்பை நிறைத்துச் சிறிது நீர் தெளித்துக் கட்டித் தொங்கவிடுங்கள். உப்பு நீர் மெல்லக் கசியும். மாடு வேண்டியபோது நக்கிக்கொள்ளும். பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். நம் வெப்பத்தில் வளர்ந்த மாடு நாளொன்றுக்கு நாற்பது லிட்டரும் குடிக்கும். கறவை மாடு அதற்கு மேலும் குடிக்கும்.

மாடு நலமாக இருக்கிறதா என்பதை வீட்டுப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லலாம். மாட்டின் இடப்புறத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். அதில் கைமுட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை கையைத் தள்ளும். தள்ளாவிட்டாலும், குழி மேடாகி முரசுபோல் விறைத்திருந்தாலும், மாடு அசைபோடாதிருந்தாலும், சாணம் புளித்த நாற்றத்தோடு தண்ணீராய்ப் போனாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மிச்சமுள்ள சோற்றையும் தீவனத்தையும் உடனே அகற்றிவிட்டு, காய்ந்த புல்லை மட்டும் வைத்துக் கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்புங்கள். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்ற மூன்றையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பல மாடுகள் போகின்றன.

இனிப் போர்வைக்கு வருவோம். மழைக்காலத்தில் மாட்டின் முதுகில் சாக்கைக் கட்டிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. குளிர்நாடுகளில் குதிரைக்குப் போர்வை போடுவார்கள் என்று கேட்டறிந்தவர்கள் அதையே மாட்டுக்கும் எண்ணுகிறார்கள். நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து மாடுகளும் கப்பலேறி வந்தன. லோக்கல் இந்தியன் டெய்ரி என்று கால்நடை இலாகா பெயரிட்டிருக்கும் கறவை இனம் அவற்றின் வழிவந்ததே. திமிலும் தொங்கும் கழுத்துத் தோலும் உடைய இந்த மாடுகள் வெயிலைத் தாங்கப் பிறந்தவை. சமவெளித் தோட்டத்து மழையில் வளர்ந்த மாட்டுக்குக் குளிர் பெரிய தொல்லையன்று, ஈரமே தொல்லை. நனைந்த சாக்கு முதுகிலேயே கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும். அதன் அடியில் உண்ணி ஒளிந்து பெருகும். ஆகவே சாக்குக்குச் செலவிடும் காசைக் கூரைக்கும் தரைக்கும் செலவிடுங்கள். ஒழுகாத கூரை வேண்டும். மூத்திரம் வடிந்தோடும்படி பின்பக்கம் சற்றுச் சரிந்த தரை வேண்டும். படுக்குமிடத்தில் மரத்தூளோ காய்ந்த லாலாங்கோ பரப்பி, ஈரமானதை அன்றாடம் அள்ளிவிட வேண்டும். கேமரன் மலைபோல் இரவில் குளிரும் இடத்தில், சாரல் அடிக்கும் பக்கம் ஒரு தடுப்புக் கட்டினால் மாடு பிழைத்துக்கொள்ளும்.

போர்வை வேண்டியது பிறந்த கன்றுக்குத்தான். நனைந்த உடம்போடு காற்றில் நடுங்கும் கன்று இரவுக்குள் சோர்ந்துவிடும். தாய் நக்கியது போதாவிட்டால், காய்ந்த கோணிச் சாக்கினால் அழுந்தத் துடைத்துக் காயவைத்து, வேறொரு காய்ந்த சாக்கை முதுகின்மேல் போட்டு, மார்பின் கீழும் வயிற்றின் கீழும் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் சிக்கும் கயிறு வேண்டாம். மறுநாள் வெயில் வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

அந்தச் சாக்கு அரிசிச் சாக்காகவோ தவிட்டுச் சாக்காகவோ இருக்கட்டும். பசளைச் சாக்கு மட்டும் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. தோட்டத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதே ஆபத்து. யூரியாப் பசளை உப்புக் கரிக்கும். மாடு அதை நக்கி நக்கித் தின்னும். வயிற்றுக்குள் போனதும் அது நஞ்சாக மாறி, சில மணி நேரத்துக்குள், சில வேளை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மாட்டை வீழ்த்திவிடும். கழுவிவிட்டோம் என்ற சமாதானமும் வேண்டாம், தையலுக்குள் தங்கியிருக்கும். களைக்கொல்லி தெளித்த புல்லும் இப்படியே. பாராகுவாட் மருந்து 2020 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் வேறு மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. எந்தக் காட்டில் எப்போது தெளித்தார்கள் என்று தண்டலிடம் கேட்டுக்கொண்டு புல்லறுக்கப் போங்கள்.

கன்றைப் பற்றிய பேச்சு வந்தபடியால் சீம்பாலையும் சொல்லிவிடுகிறோம். மாடு ஈன்றதும் சீம்பாலைக் கறந்து, சர்க்கரையிட்டுக் காய்ச்சி அண்டை வீடுகளுக்குக் கொடுப்பது நம்மவர் வழக்கம். நமக்கும் அந்த ருசி தெரியும். ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்குத் தாய் வயிற்றிலேயே வந்து சேர்வதில்லை. சீம்பாலின் வழியாகவே வருகிறது. அந்தச் சக்தியை அப்படியே ஏற்கும் தன்மை கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அற்றுப்போகும். இருபது கிலோ எடையுள்ள கன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டராவது குடிக்க வேண்டும். அது குடித்து மிஞ்சினால் நமக்கு.

மாலையில் கொசுவுக்கு மூட்டம் போடுகிறவர்கள் அதைக் கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் போடுங்கள். உள்ளே போட்டால் கொசுவை விட மாடுதான் அதிகம் இருமும்.

முன்னே சொன்ன மாணவனின் வீட்டில் தாயை இழந்த அந்தக் கன்றை, இன்னொரு வீட்டு மாட்டுப் பாலை வாங்கிப் புகட்டிக் காப்பாற்றினார்கள். பிறகு இளம்புல்லுக்குப் பழக்கினார்கள். புல்லறுப்பது பையனின் வேலையாயிற்று. அடுத்த ஆண்டு மாட்டுப் பொங்கலன்று நாம் அந்தப் பக்கம் போனபோது, கொட்டகைத் தூணில் அட்டை ஒன்று தொங்கியது. “சோறு வேண்டாம், புல் கொண்டு வாருங்கள்” என்று பையன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். “கொண்டு” என்பதில் ஓர் எழுத்துப் பிழை. நாம் அன்று திருத்தவில்லை. பெண்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு கட்டுப் புல் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கிடாரி இரண்டு நாள் அதையே தின்றதாம்.