முழங்காலை அளக்கும் வினாக்கள்: ஏவா ரூஸின் 'கூஸ்' அளவுகோலும் மூட்டுத் தேய்வு ஆய்வும்

முன்னுரை

முழங்கால் மூட்டுத் தேய்வு முதுமைக்குரிய நோய் என்பது பொதுக் கருத்து. ஆயினும் முன் சிலுவைத் தசைநாரோ பிறை வடிவக் குருத்தெலும்போ கிழிந்தவர்களுள் சராசரியாகப் பாதிப்பேருக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்வு காணப்படுவதை 2007இல் வெளிவந்த ஒரு மீளாய்வு எடுத்துக்காட்டியது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக எலும்பியல் அறிஞர் ஸ்டெபான் லோமாண்டர் முதலாசிரியராக அமைந்த அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் ஏவா ரூஸ். விளையாட்டுக் களத்துக் காயமும் பிற்காலத் தேய்வும் ஒரே தொடரின் இரு முனைகளாயின், அத்தொடர் முழுமையையும் அளக்கும் கருவி எது? இவ்வினாவுக்கு ரூஸ் அளித்த விடையையும், அதனைத் தமிழ்ச் சூழலில் கையாளும்போது எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அளவுகோலின் அமைப்பு

ஊடுகதிர்ப் படத்தில் தேய்வு மிகுந்து காணப்படுவோர் சிலர் வலியின்றி நடமாடுவதும், படத்தில் குறை புலப்படாதோர் சிலர் வலியால் வருந்துவதும் மருத்துவர் அறிந்தவையே. எனவே நோயாளியின் கூற்றும் அளவையாதல் வேண்டும். இதற்கென முன்பே வழக்கிலிருந்த 'வோமாக்' வினாநிரல், மூட்டுத் தேய்வுற்ற முதியோரை மனத்திற்கொண்டு அமைந்தது. படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் இயலுமா என வினவும் அந்நிரலில், காயமுற்ற இளம் வீரர் பெரும்பாலும் குறையின்றித் தேறிவிடுவார்.

இயன்முறை மருத்துவத் துறையினரான ரூஸ், தம் குழுவினருடன் 1998இல் வெளியிட்ட 'கூஸ்' இவ்விடைவெளியை நிரப்பியது. வலி (9), பிற அறிகுறிகள் (7), அன்றாடச் செயல்கள் (17), விளையாட்டும் பொழுதுபோக்கும் (5), முழங்கால் சார்ந்த வாழ்க்கைத் தரம் (4) என ஐந்து பகுப்புகளில் 42 வினாக்கள் இதிலுள்ளன. வோமாக்கின் வினாக்கள் முழுமையாக உள்ளடக்கப்பட்டன. குந்துதல், ஓடுதல், குதித்தல், காலை ஊன்றித் திரும்புதல், மண்டியிடுதல் ஆகியன புதிதாகச் சேர்ந்தன. ஒவ்வொரு பகுப்பும் 0 முதல் 100 வரை தனித்தனியே மதிப்பிடப்படும்; 100 என்பது குறையின்மை.

இரு ஆய்வுகள்

இவ்வளவுகோலின் பயனை இரு சமவாய்ப்பு முறை ஆய்வுகள் உணர்த்துகின்றன. 2010இல் ரிச்சர்ட் ஃபிரோபெல், ரூஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், முன் சிலுவைத் தசைநார் கிழிந்த 121 இளம் வயதினர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்குத் தொடக்கத்திலேயே அறுவை மருத்துவமும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. மற்றப் பிரிவினர்க்குப் பயிற்சியும், தேவைப்படின் பின்னர் அறுவையும் அளிக்கப்பட்டன. ஈராண்டு முடிவில் கூஸ் சராசரியின் உயர்வு முறையே 39.2, 39.4. இரண்டாம் பிரிவின் 59 பேருள் 23 பேரே அதற்குள் அறுவையை நாடினர்.

2015இல் சோரன் ஸ்கோ, ரூஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், முற்றிய தேய்வுடைய 100 பேர் இடம்பெற்றனர். மூட்டு மாற்று அறுவையும் பயிற்சி முதலிய பிற மருத்துவமும் பெற்றோரின் மதிப்பு ஓராண்டில் 32.5 உயர்ந்தது, அறுவையின்றிப் பிற மருத்துவம் மட்டும் பெறுமாறு பிரிக்கப்பட்டோர்க்கு 16.0 உயர்ந்தது. அறுவையே மிகுபயன் தந்தது. எனினும் கடும் பாதகங்களும் அப்பிரிவிலேயே மிகுதி.

இரண்டிலும் நான்கு பகுப்புகளின் சராசரியே முதன்மை அளவை. ஆனால் விடுபட்ட பகுப்பு வேறு. இளையோர் ஆய்வில் அன்றாடச் செயல்கள் விடப்பட்டன. மூட்டு மாற்று ஆய்விலோ விளையாட்டுப் பகுப்பு விடப்பட்டது. எதனை இழப்பென்று கொள்வது என்னும் முடிவு, எண்ணுக்கு முன்னரே எடுக்கப்பட்டுவிடுகிறது.

தமிழ்ச் சூழல்

இங்கேதான் நமக்குரிய சிக்கல் எழுகிறது. கூஸில் குந்துதலும் மண்டியிடுதலும் விளையாட்டுப் பகுப்பில் உள்ளன. நாற்காலி வழக்கமுடைய நாட்டில் இது பொருந்தும். நாற்று நடும் பெண்ணுக்கும், தரையில் அமர்ந்து உண்பவர்க்கும், குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்துவோர்க்கும் குந்துதல் பொழுதுபோக்கன்று, அன்றாடச் செயல். முதிய நோயாளிகளுக்கான ஆய்வில் விளையாட்டுப் பகுப்பை நீக்கினால், குந்த இயலாமை பற்றிய நேரடி வினாவும் உடன் நீங்கும். முழங்காலை முழுதும் மடக்குவது பற்றிய வினாக்கள் பிற பகுப்புகளில் எஞ்சினும், அவை செயலின் இழப்பை நேரே வினவுவன அல்ல.

முடிவுரை

காயத்தையும் தேய்வையும் ஒரே அளவுகோலில் காணச் செய்தது ரூஸின் பங்களிப்பு. அதனைத் தமிழில் கையாள்வோர் சொற்களை மட்டும் பெயர்த்தால் போதாது. ஐந்து பகுப்புகளின் மதிப்பையும் தனித்தனியே வெளியிடுவதும், குந்துதல் பற்றிய விடையை எந்த வயதினர்க்கும் விடாது பதிவதும் இன்றியமையாதன. வினவப்படாத வலி, ஆய்வின் கணக்கில் இல்லாத வலியாகிவிடும்.